வலது இருக்கை

மதுரையில் இறங்கி ஷூவைக் கழற்றும்போது
மின்னஞ்சல் வந்தது.
மூன்று ஆண்டு ஒப்பந்தம். இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்.
வீடு அவர்கள் செலவு, பள்ளிக் கட்டணம் பாதி.
ஞாயிறு நள்ளிரவுக்குள் பதில்,
அவர்கள் ஊர் நள்ளிரவு.

காரைக்குடி பேருந்தில் திருப்பத்தூர் வரும்வரை
திர்ஹாமை ரூபாயாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
பிள்ளையார்பட்டி வளைவில் வகுக்கத் தொடங்கினேன்.

பழைய எரிபொருள் தாளின் பின்பக்கம்
உ போட்டு, நடுவில் கோடு கிழித்து,
பற்று ஒருபுறம் வரவு ஒருபுறம்.
செக்காலை ரோட்டில் அப்பச்சியின் பெயிண்ட் கடையில்
பத்து வயதில் பழகிய கை,
அதற்கு விமானம் தெரியாது.

வரவில்: பயிற்சிக் கடன் மீதி நாற்பத்தொரு லட்சம்
இருபது மாதத்தில் தீரும்.
பற்றில்: இங்கே என் வரிசை எண் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஏழு வருஷமாக ஒவ்வொன்றாய் ஏறிய எண்.
அங்கே போய்ச் சேர்கிற நாளில்
எல்லோருக்கும் கடைசி.

"போறதுன்னா நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்றான் வயிரவன்.
தேவகோட்டைக் கிளையில் நகைக்கடன் பார்க்கிறவன்.
"சம்பளமில்லாத லீவா?"
"பின்ன?"
பணியாரத்தை நாலாகப் பிய்த்து
மகனுக்கு ஊதிக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.
அந்தத் தொகையை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
கோட்டின் மேலேயே எழுதினேன்.

அப்பச்சிக்கு இதில் சிக்கலே இல்லை.
"கொண்டுவிக்கப் போனவுகளும் மூணு வருஷக் கணக்குத்தான்."
அவர்கள் திரும்பி வந்தபோது
அவர்கள் இடத்தை யாரும் எண் போட்டு
பின்னால் தள்ளவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒருவர் வந்து முக்கால் இஞ்சு எல்போ கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன்.

இங்கே பதினெட்டு மாதத்தில் இடது இருக்கை என்கிறார்கள்.
போன வருஷமும் பதினெட்டு என்றார்கள்.
எஞ்சின் இல்லாமல் பதினோரு விமானம்
ஹைதராபாத் வெயிலில் துணி சுற்றி நிற்கிறது.
அங்கே எட்டு வருஷம் ஆகலாம்.
"ஆகலாம்" அவர்கள் எழுதிய சொல்.

ஞாயிறு காலை ஸ்கூட்டியில்
கானாடுகாத்தான் தாண்டிப் போனேன்,
போர்க்காலத்தில் போட்டு விட்டுப்போன ஓடுதளம் பார்க்க.
கண் தானாக அளந்தது: விரிசல், விரிசலில் புல்,
குறுக்குக் காற்று பத்து நாட் இருக்கும்,
முதல் மூன்றில் ஒரு பங்கில் ஆடுகள்.
நடுக்கோட்டில் செங்கல் நட்டு
பையன்கள் கிரிக்கெட்.

புறப்பாட்டில் ஒரு வேகம் உண்டு.
அதுவரை நிறுத்தலாம்.
அதன்பின் எஞ்சின் எரிந்தாலும் ஏறித்தான் ஆகவேண்டும்.
அந்த வேகம் வரும்வரை விசைப்பிடியில் இருப்பது
கேப்டனின் கை, நான் ஓட்டும் நாளிலும்.
மூவாயிரத்து நூறு மணி நேரம் பறந்திருக்கிறேன்.
அந்தக் கை விலகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.
இரண்டு கம்பெனியும் என்னிடம் கேட்பது
இன்னும் எத்தனை வருஷம் பார்ப்பாய்
என்பதைத்தான்.

"அக்கா, தள்ளி நில்லுங்க, பால் வருது."

இரவு பதினொன்றரைக்கு ஒரே கேள்வி அனுப்பினேன்:
இடது இருக்கை எந்த ஆண்டு, எழுத்தில் தர முடியுமா.

மறுநாள் அதிகாலை, மதுரையில், விமானத்துக்குப் போகும் வேனில்
பதில் வந்திருந்தது. ஆண்டு குறிப்பிட இயலாது.
ஆர்வத்துக்கு நன்றி.
படித்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தேன்.
நிம்மதி என்று சொன்னால் பொய்.
போன் ஃபிளைட் மோடுக்குப் போனது.

"இன்னைக்கு நீங்களா, நானா?" கேப்டன் பருச்சா கேட்டார்.
"நானே."
நூறு நாட். நூற்றிருபது.
அவர் கை விலகியது.

தவணை ஐந்தாம் தேதி.